சத்து என்று விற்றால் மூக்கை மூட வேண்டாமா?

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பெரிய தொலைநோக்கியைப் பார்க்கும் ஆசையில் காவலூருக்குக் கிளம்பினேன். வாணியம்பாடியில் பைக்கை எடுத்தபோது மணி 9.10. ஆலங்காயத்தில் நாலு இட்லி, நாற்பது ரூபாய். (சாம்பாரைப் பற்றிப் பேச வேண்டாம்.) 10.20க்கு மலையேறினேன்.

காவலூருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும்போது, தண்ணீர் கேட்க ஒரு சாமைக் காட்டோரம் நிறுத்தினேன். சாந்தி என்ற பெண் முதுகில் ஸ்ப்ரேயரைச் சுமந்து தெளித்துக்கொண்டிருந்தார். முகத்தில் துணி இல்லை. பத்தடி தள்ளி மரத்தில் தூளி, அதில் ஏழு மாதக் குழந்தை. காற்றும் அந்தப் பக்கமாகத்தான் வீசியது. குழந்தையை வைத்துக்கொண்டா மருந்தடிப்பது என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

“மருந்துன்னா மூஞ்சில துண்டு கட்டிக்குவேங்க. புள்ளைய வூட்ல வுட்டுட்டு வருவேன். இது சத்துங்க.”

பாட்டிலைக் காட்டினார். நானோ துத்தநாகம், இலையில் தெளிக்கிற உரம். துகள் அவ்வளவு பொடிசு, இலை அப்படியே குடித்துவிடும், டானிக் மாதிரி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இலை குடிக்கும், சரி. மூக்கு குடிக்காதா? இத்தனை நுண்ணிய உலோகத் துகள் நுரையீரலின் அடிவரை போகும். இப்படிப்பட்ட சில துகள்கள் மூக்கு நரம்பு வழியே மூளைக்கு ஏறுவதை ஆய்வாளர்கள் எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். வளரும் குழந்தையின் மூளையை என்ன செய்யும் என்பது இன்னும் சரியாகத் தெரியாது. அந்தத் தெரியாததையாவது சொல்லி விற்றிருக்கலாம் இல்லையா?

லேபிளைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிந்தது. எல்லாம் ஆங்கிலம். முகக்கவசம் அணியவும், சாரலைச் சுவாசிக்க வேண்டாம், குழந்தைகளை அருகே விட வேண்டாம். படித்துச் சொன்னேன்.

சாந்தி ஸ்ப்ரேயரை இறக்கிவிட்டுத் தூளிக்கு ஓடினார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என் சீலயெல்லாம் பட்டுக்குது. நீங்க தூக்கிக்கிறீங்களா?”

வீடு இருநூறு மீட்டர். குழந்தை என் கையிலிருந்து அம்மாவிடம் தாவி அழுதபடியே வந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நடந்தார்.

போகிறவர்களுக்கு: பஸ் குறைவு, சொந்த வண்டி நல்லது. போக வர பெட்ரோல் இருநூறு ரூபாய். தண்ணீர் எடுத்துப் போங்கள். வழியில் யாராவது தெளித்துக்கொண்டிருந்தால், காற்று வரும் பக்கமாக நின்று பாட்டிலைக் கேட்டு வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். தொலைநோக்கியை நான் பார்க்கவில்லை, மனசு வரவில்லை. கிளம்பும்போது, குளித்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்ட சாந்தி கேட்டார்.

“விக்கறப்ப தமிழ்லதானே பேசுனாங்க. இத்தயும் தமிழ்ல எழுதனா இன்னாங்க?”