உள்ளே இருந்தவருக்கு ஹெல்மெட் அபராதம்

ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர் செல்போனை உயிர்ப்பித்ததும் முதலில் நலம் விசாரிப்பது போக்குவரத்துப் போலீஸ்தான். ஹெல்மெட் போடவில்லை, சிக்னலில் நிற்கவில்லை, ஒருவழிப் பாதையில் எதிரே வந்தீர் என்று குறுஞ்செய்திகள் வந்து விழும். அதையெல்லாம் தீர்க்காமல் வண்டியைப் பெயர் மாற்ற முடியாது, எஃப்.சி. எடுக்க முடியாது, ஓட்டிப் பிழைக்கவும் முடியாது. அப்படித் திகைத்து நிற்பவர்களுக்கு வழிசெய்து கொடுப்பது என் வேலை. பாளையங்கோட்டையில், கோர்ட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் சின்ன அலுவலகம். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு போய் கேமராவில் சிக்கிய வாசகரே, நீங்களும் நம்ம கூட்டம்தான். கூச்சப்படாமல் வாசியுங்கள்.

இதைவிடப் பெரிய சாட்சி

விக்கிரமசிங்கபுரத்து மாடசாமி ஒரு அடிதடி வழக்கில் தண்டனை முடிந்து வந்தவன். பைக்கை விற்றுவிட்டு லோடு ஆட்டோ ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஆனால் அவன் உள்ளே இருந்த காலத்தில் பைக் மட்டும் ஊரெல்லாம் சுற்றி அபராதம் சேர்த்து வைத்திருந்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், அவனுடைய மச்சான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று போகிறார்.

மாடசாமியைப் போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். "வண்டி ஒன் பேர்ல இருக்கு. ஓட்டினது நீ இல்லங்கதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டார் எஸ்.ஐ. மாடசாமி என்னைப் பார்த்தான். ஜெயில் என்ற சொல்லையே அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எங்கள் அலுவலகத்தில்கூட 'வெளியூர்ல இருந்தேன்' என்றுதான் சொல்லுவான். "சொல்லு மாடசாமி" என்றேன். சட்டைப் பையிலிருந்து விடுதலைச் சான்றை எடுத்து நீட்டினான். "அன்னைக்கு நான் பாளை ஜெயில்ல இருந்தேன் சார்" என்று அந்த அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். எஸ்.ஐ. சான்றையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்துவிட்டார். "இதவிடப் பெரிய சாட்சி ஏது வே?" என்று மச்சானுக்கு ஆளனுப்பினார். அபராதம் ஓட்டியவர் தலைக்கே போனது.

படியிறங்கும்போது மாடசாமிக்குக் கண் கலங்கியிருந்தது. "ஜெயில்ல இருந்தேன்னு சத்தமாவே சொல்லிட்டேன்க்கா. ஒருத்தரும் ஒதுங்கிப் போகல, பாத்தியளா?"

அது நான் செஞ்சதுதான்

டவுணில் ஆட்டோ ஓட்டும் சுடலைமுத்து அண்ணாச்சி விசாரணைக் கைதியாக நெடுநாள் உள்ளே இருந்தார். கடைசியில் குற்றம் செய்யவில்லை என்று கோர்ட் விடுவித்தது. ஆட்டோ மேல் பழைய அபராதங்கள் நின்றன. எல்லாவற்றையும் மறுத்து எழுதிப் பார்க்கலாம் என்று எங்கள் வக்கீல் யோசனை சொன்னார். அண்ணாச்சி ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்துவிட்டு, மறுக்கவே வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டார்.

"ரத வீதியில எதுக்க வந்தது நான்தான் வே. செஞ்சதுக்குக் கட்டிருதேன். செய்யாததுக்குத்தான் உள்ள இருந்து கட்டியாச்சே."

ஞாயிற்றுக்கிழமைக் களவாணி

பேச்சியம்மாள் ஸ்கூட்டரில் தெருத்தெருவாக இடியாப்பம் கொண்டுபோய் விற்றவள். பக்கத்து வீட்டுத் தகராறு ஒன்று வழக்காகி, உள்ளே போய் வந்தாள். வந்து பார்த்தால் ஸ்கூட்டரைக் காணோம். "களவு போயிட்டு" என்றார் கணவர். செல்போனிலோ ஹெல்மெட் அபராதங்கள் வந்தபடி இருந்தன. எல்லாமே அம்பாசமுத்திரத்தில், எல்லாமே ஞாயிறு காலையில். போட்டோவில் ஸ்கூட்டர் கொக்கியில் கறிப்பை தொங்கியது. பேச்சியம்மாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "களவாணி வாராவாரம் கறி வாங்கப் போறானாக்கும்?" என்றாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் பஸ் ஏறிப்போய், கறிக்கடைக்கு எதிரே நின்றோம். பைய வந்து நின்றது ஸ்கூட்டர். ஓட்டி வந்தவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர், நல்ல மனுசன். விஷயத்தைச் சொன்னதும் வெலவெலத்துப் போனார். வீட்டுக்காரி வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லித்தான் கணவர் வண்டியை அவருக்கு விற்றிருக்கிறார். ஆர்.சி. புத்தகம் பேச்சியம்மாள் பெயரில். எந்தத் தாளிலும் அவள் கையெழுத்துப் போடவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அரைமணி நேரம் பேசியதும் கடைக்காரரே சாவியை நீட்டினார். அபராதங்களையும் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டார். "அப்போ நான் குடுத்த ரூவா?" என்று தயங்கிக் கேட்டார். "வித்தவர்கிட்ட கேளுங்க அண்ணாச்சி. வீட்டுலதான் படுத்துக் கெடக்காரு, அட்ரஸ் நான் தாரேன்" என்றாள் பேச்சியம்மாள்.

நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஊர் எல்லைக்குள்ளேயே வண்டியை ஓரங்கட்டி, இரண்டு ஹெல்மெட் வாங்கி வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் மாட்டுங்கக்கா. இனிமே இந்த வண்டியில எடுக்குத போட்டோ நல்லா இருக்கணும்."

மஞ்சள் விளக்கு

அந்தோணி லாரி ஓட்டியவர். ஒரு விபத்து வழக்கில் தண்டனை அனுபவித்து வந்தபின், வாகனத்தைத் தொடவே அவருக்குக் கை நடுங்கியது. பழைய அபராதங்களைத் தீர்த்து லைசென்சைப் புதுப்பிக்க நாங்கள் கூடவே அலைந்தோம். நடுக்கத்தை அவரேதான் போக்கிக்கொண்டார். விடியலில் ஆளில்லாத மைதானத்தில் நண்பரின் வேனை ஓட்டி ஓட்டிப் பழகினார்.

போன மாதம் ஒரு மினி பஸ்ஸில் ஏறினேன். ஸ்டியரிங்கில் அந்தோணி. கை நடுங்கவில்லை. சிக்னலில் மஞ்சள் விழுந்ததுமே வண்டி நின்றது. "இதுக்குள்ள போயிருக்கலாமே வே, எதுக்கு நிக்கேரு?" என்று முன்சீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். அந்தோணி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பின்னால எங்க அக்கா இருக்காவ, அண்ணாச்சி. நான் செவப்பத் தாண்டினா அவியளுக்குல்லா வேல வந்துரும்."

'இனிமேல் எங்கள் ஆபீஸ் பக்கமே வந்துவிடாதீர்கள்' என்று வாழ்த்தி அனுப்புவதும், போனவரை ரோட்டில் கண்டால் பரிசு வாங்கிய பிள்ளையைப் பார்த்ததுபோல் பல்லைக் காட்டுவதும்தான், யோசித்துப் பார்த்தால், என் உத்தியோகம்.