போட்டில் கட்டிய பிரம்பு நாற்காலி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பிரம்பு நாற்காலி இருக்கிறது. நான்கு கால்களிலும் கயிறு இறுக்கிய தழும்பு. பிரம்பை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. சட்டம் மட்டும் பழையது. வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீட்டில் மனிதர்கள் உட்காரவே இடம் பார்க்க வேண்டியிருக்கிறது, இதில் யாரும் உட்காராத நாற்காலி எதற்கு என்று என் மருமகள் பல தடவை கேட்டுவிட்டாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. காய்ந்த துணிகளைப் போட்டுவைக்கத்தான் அது பயன்படுகிறது. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணூர்க் கடலில் போய்வந்த நாற்காலி இது என்று சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். சொன்னேன், சிரித்தாள்.

அறுபதுகளின் கடைசியில் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில், மேனேஜர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். மேனேஜருக்கும் அவரோடு இருந்த சில அதிகாரிகளுக்கும் தூண்டில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஒரு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்த் தூண்டில் போட்டால்தான் அவர்களுக்கு அடுத்த வாரம் ஓடும். படகுக்குச் சொல்லி வைப்பதும், டிபன் கூடையும் சோடாவும் தூக்கிக்கொண்டு கூடவே போவதும் என் தலையில் விழுந்தன. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அப்பா மட்டும்தான். எங்களுக்குள் பேசிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. அதனால் விடிகாலையில் டோல்கேட்டில் பஸ் பிடித்து எண்ணூர் போவது எனக்குத் தண்டனையாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாவிட்டால் எனக்குப் போக வேறு இடம் இருந்திருக்காது.

அந்த மீனவர் குப்பத்தில் எஞ்சின் படகைப் போட்டு என்பார்கள், எங்கள் படகின் சொந்தக்காரரை எல்லோரும் போட்டுக்காரர் என்றே சொல்வார்கள். நடுத்தர வயது, மீனவர், மனைவியும் அவரும் மட்டும். துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த ஒரு கப்பலின் உயிர்காக்கும் படகை வாங்கி, அதில் ஒரு பழைய எஞ்சினை மாட்டி வைத்திருந்தார். கட்டுமரத்தில் சலவைச் சட்டைக்காரர்களை ஏற்ற முடியாது என்பதால் எங்களுக்கு அவர்தான் கதி. மேனேஜர் பருத்த ஆள். பலகையில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று முனகியதால் கம்பெனி கெஸ்ட் ஹவுசிலிருந்து இந்த நாற்காலியை எடுத்துப்போனேன். போட்டுக்காரர் அதைப் படகின் நடுவில் வைத்து, நாலு காலையும் கயிறு போட்டு இறுக்கினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "அசையாது நைனா. தொரை தூங்கவே தூங்கலாம்" என்றார். அவர் மட்டும் அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அவர் இடம் பின்னால், சுக்கான் பக்கத்தில்.

குப்பத்தில் ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. நாம் காசுக்காக மீன் பிடிக்கிறோம், இவர்கள் காசு கொடுத்து மீன் பிடிக்கிறார்களே என்று வலை பின்னும் ஆண்கள் கேலி செய்தார்கள். ஆனால் அந்தக் கேலி சீக்கிரமே அடங்கிவிட்டது. தூண்டிலுக்கு உயிருள்ள இறால் வேண்டும். அதை உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவிப் பிடித்துப் பானையில் கொண்டுவரும் பெண்களுக்குச் சந்தை விலையைவிட நல்ல விலை கிடைத்தது. டீக்கடை விடிவதற்கு முன்பே திறந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ரிக்‌ஷாக்கள் வந்தன. அதிகாரிகளின் மனைவிமார் கரையில் ஓலைப் பந்தலின் கீழ் உட்கார்ந்துவிட்டு, போகும்போது கருவாடு வாங்கிப் போனார்கள். புருஷனைக் கடலில் பறிகொடுத்த ஒரு அக்கா அங்கேயே அடுப்பு வைத்து மீன் வறுத்துக் கொடுத்தாள். அதில்தான் அவள் குடும்பம் நடந்தது. பெரிய கொடுவா மீன் ஒன்று கிடைத்தால் மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார். மற்ற மீனெல்லாம் கரையில் இருப்பவர்களுக்கே. மழைக்காலத்தில் கட்டுமரம் இறக்க முடியாத நாட்களிலும் போட்டு மட்டும் கழிக்குள் போய்வரும். அந்த மாதங்களில் பல வீடுகளில் உலை கொதித்தது ஒரு பொழுதுபோக்குப் படகால்தான். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

வம்பு வந்தது கிழமையில். அந்தக் குப்பம் முழுக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்கக் கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. கரையெல்லாம் கட்டுமரங்கள் ஓய்ந்து கிடக்க, எல்லோரும் மாதா கோயிலில் பூசைக்கு நிற்பார்கள். அதிகாரிகளுக்கோ ஞாயிறு ஒன்றுதான் லீவு. நாங்கள் கிளம்பும் நேரத்தில்தான் பூசை மணி அடிக்கும். மணி கேட்டதும் போட்டுக்காரர் சுக்கானைத் தொடைக்கு இடுக்கிக்கொண்டு சிலுவை போட்டுக்கொள்வார், திரும்பிப் பார்க்க மாட்டார். ஊர்க்கூட்டம் கூடி அவருக்குத் தண்டம் போட்டது. மற்ற நாட்களில் யாரும் அவரைத் தங்கள் வலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும்விட, திருவிழாவில் மாதா சப்பரத்துக்குத் தோள் கொடுக்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள். அவருடைய அப்பாவும் அதற்கு முன் அவருடைய தாத்தாவும் தூக்கிய சப்பரம் அது. தண்டத்தைக் கட்டினார், போட்டையும் நிறுத்தினார்.

நாலைந்து வாரம் போயிருக்கும். இறால் பிடிக்கும் பெண்கள் ஒன்றாகத் திரண்டு ஊர்த் தலைவர் வீட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். மறுபடி ஊர்க்கூட்டம் கூடியது. அப்போது அவர்கள் எடுத்த முடிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஊருக்குப் பிழைப்பு வேண்டும், ஆகவே போட்டு போகலாம். ஆனால் அந்த ஒரு போட்டு மட்டும்தான். மற்றவர்கள் ஓய்வு நாளைக் காப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிறவன் சப்பரத்தைத் தொடக் கூடாது என்பது அப்படியே இருக்கும். என்றைக்காவது ஒரு வருஷம் திருவிழா ஞாயிறு அன்று அவர் கரையில் இருந்தால் அன்றைக்குத் தோள் கொடுத்துக்கொள்ளலாம் என்று தலைவர் பெரிய மனது பண்ணினார். பலன் ஊருக்கு, பாவம் ஒருத்தருக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்கள்.

திருவிழா வருவது தை மாதத்தில். அப்போதுதான் கொடுவா நன்றாகக் கடிக்கும். அதிகாரிகள் ஒரு வருஷமும் விட்டதில்லை. போட்டுக்காரரும் ஒரு வருஷமும் வாய் திறந்து கேட்டதில்லை. சாயங்காலம் நாங்கள் திரும்பும்போது சப்பரம் கடற்கரைக்கு வந்து, சாமியார் படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்து முடித்திருப்பார். ஈர மணலில் பூ கிடக்கும்.

ஒரு வருஷம் கம்பெனியில் தகராறு முற்றி ஸ்டிரைக் வந்தது. அதிகாரிகள் யாரும் பங்களாவை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் நானே போய், நாளைக்குப் படகு வேண்டாம் என்று போட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மனைவியைக் கூப்பிட்டுப் பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுக்கச் சொன்னார். "நாளிக்கு நீயும் வா நைனா, நான் தூக்கறத பாரு" என்றார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. போட்டு போகாது என்று அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஊர் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

மறுநாள் நானும் கூடப் போனேன். கோயில் வாசலில் அவரைப் பார்த்த முதல் ஆள் டீக்கடைக்காரர். "இன்னா, போட்டு போவலியா?" என்றார். அடுத்து ஒரு ரிக்‌ஷாக்காரர் அதையே கேட்டார். இறால்காரப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். விடியற்காலையிலிருந்து தடவிப் பிடித்த இறால் பானைகளில் செத்துக்கொண்டிருந்தது. மீன் வறுக்கும் அக்கா கையில் மசாலாவோடு ஓடிவந்து, துரைமார்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறினாள். தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. சப்பரத்தின் வலப்பக்கத்துத் தண்டில் இடம் காட்டினார். காட்டிக்கொண்டே, அடுத்த வாரமாவது வருவார்களா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார். யார் மேலும் தப்பில்லை. திருவிழாவன்று வீட்டில் கறிக்குழம்பு வைக்க அவர்கள் நம்பியிருந்தது அந்தப் போட்டைத்தான்.

போட்டுக்காரர் தண்டில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் குனிந்த நேரத்தில் அவர் பக்கத்தில் நின்ற ஒரு இளவட்டத்தை இழுத்துத் தன் இடத்தில் விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நங்கூரம் போட்டு நின்ற போட்டில் ஏறினார். சுக்கான் பக்கம் போகவில்லை. நடுவில் கட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் போட்டின் விளிம்பைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அவர் கரையைப் பார்க்காமலே சொன்னார்: "எல்லாரும் ஒண்ணத்தான் கேட்டாங்க நைனா. வந்துட்டியான்னு ஒருத்தர்கூட கேக்கல."

சப்பரம் கடற்கரைக்கு வந்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. சாமியார் தெளித்த தீர்த்தம் அவ்வளவு தூரம் வரவில்லை. அடுத்த ஞாயிறு பூசை மணிக்கு வழக்கம்போலப் போட்டு கிளம்பியது. குப்பத்தில் எல்லோருக்கும் நிம்மதி.

சில வருஷங்களில் மேனேஜர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்குக் கடல் என்றாலே குமட்டும். கம்பெனிச் சாமான் தன்னிடம் இருக்கக் கூடாது என்று போட்டுக்காரர் நாற்காலியை ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றி ஆபீசுக்கே அனுப்பிவிட்டார். கெஸ்ட் ஹவுசில் அது வேண்டாம் என்றார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு ஒருமுறை எண்ணூர் போனபோது அவர் இறந்துபோய் வெகுநாள் ஆகிவிட்டதென்று சொன்னார்கள். மீன் வறுக்கும் அக்காவின் அடுப்பு இருந்த இடத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சேறு கிடந்தது.

சுற்றுலாத் தூண்டில் படகுகள் விட்டால் கடலோர மக்களுக்கு வருமானம் பெருகும் என்று போன வாரம் டிவியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். பெருகும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்தப் படகை ஓட்டுகிறவனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வழக்கமாகப் பூங்காவுக்குப் போய்விடுவேன். மகனும் மருமகளும் தங்கள் சிநேகிதர்களை அன்றைக்குத்தான் வரச்சொல்வார்கள், சின்ன வீடு. இன்றைக்குக் காலையில் முழங்கால் வலி, போகவில்லை. காபி கொண்டுவந்த மருமகள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இன்னா மாமா, இன்னிக்கு வெளிய போவலியா?" என்றாள். நல்ல பெண்தான், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. அவள் உள்ளே போன பிறகு, நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, முதல்முறையாக அதில் உட்கார்ந்தேன்.