உங்கள் அத்தை பறித்த கடைசிக் கீரை

என் அன்புப் பிள்ளைகளே,

இந்த நினைவு மலரில் மற்றவர்கள் உங்கள் அத்தையின் நல்ல குணங்களை எழுதியிருக்கிறார்கள். நான் அவர் இறந்த விதத்தை எழுத வேண்டியிருக்கிறது. "உங்க அத்த மருந்து குடிச்சுதானே செத்தாங்க?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று நீங்கள் அழுதுகொண்டு வந்தீர்கள். அன்று உங்கள் முகத்தைக் கழுவிவிட்டுச் சோறு போட்டேன். இப்போது அச்சில் சொல்கிறேன். உறவினர்களும் நண்பர்களும் இதையே என் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் அக்கா திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் சிற்றூரில் பிறந்தார். கூத்தாநல்லூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அத்தான் பாம்பு கடித்து இறந்தபோது அவருக்குப் பிள்ளை இல்லை. திரும்பி வந்து பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு உங்களை வளர்த்ததும் அவர்தான். யாரிடமும் கை நீட்டியதில்லை. காய்கறி இல்லாத நாளில் சக்கரவர்த்திக் கீரை பறித்து வருவார்.

அறுவடை முடிந்து உளுந்து முளைத்து வரும் தை மாதத்தில், வரப்போரம் அது தானாக வரும். இலை வாத்தின் பாதம்போல் விரிந்திருக்கும். ஓரம் பல் பல்லாக இருக்கும். தண்டில் சிவப்புக் கோடு ஓடும். கொழுந்திலும் இலையின் அடியிலும் மாவு தூவியதுபோல் வெள்ளை படிந்திருக்கும். கழுவினால் தண்ணீர் உருண்டு ஓடுமே தவிர, அந்த வெள்ளை முழுதாகப் போகாது. அது செடியின் இயல்பு.

கொல்லையிலும் அக்கா ஒரு பாத்தி போட்டிருந்தார். விதை கடுகைவிடச் சின்னது, கறுப்பு. மணலோடு கலந்து தூவி, மண்ணை லேசாகத் தட்டிவிட்டால் போதும். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் கிளைக்கும். பாசிப்பருப்போடு வேகவைத்து, சின்ன வெங்காயம் தாளித்துக் கூட்டு வைப்பார். ஒருமுறை நான் பறித்து வந்ததில் ஊமத்தங்கன்று ஒன்று கலந்திருந்தது.

"ஏன்டா தம்பி, இத ஆக்கித் தின்னா வேட்டிய அவுத்துத் தலையில கட்டிக்கிட்டுக் கடத்தெருவுல நிப்பியே, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு, அதைத் தூக்கி எறிந்தார்.

பிறகு அக்காவுக்குக் கண்புரை வந்தது. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால், "உளுந்த எடுத்துட்டுப் பாத்துக்கலாம்" என்பார். கண் மங்கியபின் கீரையை விரலால்தான் அடையாளம் கண்டார். இலையைத் திருப்பித் தடவுவார். மாவு தட்டுப்பட்டால் கிள்ளுவார்.

சென்ற தை மாதத்தில் ஒருநாள் நாமெல்லாம் திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கொல்லைப் பாத்தியை விதைக்கு விட்டிருந்ததால், வீட்டில் தனியாக இருந்த அக்கா வரப்புக்குப் போயிருக்கிறார். பக்கத்து உளுந்துக்கு முதல் நாள்தான் தூள் மருந்து தூவியிருந்தார்கள். காற்றில் அது வரப்புச் செடிகளிலும் படிந்திருந்தது. அவர் விரலுக்கு அது கீரையின் மாவாகத்தான் பட்டிருக்கும். அலசிய பிறகும் மிச்சமிருந்ததைப் பற்றிச் சந்தேகப்பட அவருக்குக் காரணமே இல்லை.

நாம் திரும்பியபோது வாயில் நுரை தள்ளிக் கிடந்தார். உங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் ஆம்புலன்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல என்ன சண்ட?" என்பது. அது அக்காவின் காதில் விழுந்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கீரதான் தம்பி... நான் ஒண்ணும் குடிக்கல. புள்ளைங்ககிட்ட சொல்லு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டார்.

துக்கப் பந்தலில் ஓர் உறவினர், "கீர தின்னு யாருய்யா செத்தா? நானுந்தான் தெனம் திங்கிறேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். அப்போது பக்கத்து வீட்டு அம்மா எழுந்து நின்றார்.

"நான் சொல்றேன், கேளுங்க. இவங்க கிள்ளிப் போட்ட கீரத் தண்டத் தின்ன எங்க கோழி ரெண்டும் வாயப் பொளந்து கெடந்துச்சு. வம்பு வந்துருமோன்னு பயந்து பொதச்சுட்டேன். கோழிக்கு என்னய்யா குடும்பச் சண்ட?"

பந்தல் அடங்கியது. ஆனால் ஊர் வாய் அடங்கவில்லை. அடங்கியிருந்தால் உங்களிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மருந்து தூவியவரின் பெயரை இங்கே எழுதவில்லை. உளுந்தில் புழு விழுந்தால் தூவாதவர் நம் ஊரில் யாரும் இல்லை. தூவினால் நாலு பேரிடம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வரப்பில் கீரை பறிக்காதீர்கள். வீட்டுப் பாத்தியில் வளர்த்துச் சாப்பிடுங்கள். அந்தக் கீரையை வெறுக்க வேண்டாம்.

தன் துண்டால் அக்காவின் வாயைத் துடைத்துவிட்ட ஆம்புலன்ஸ் டிரைவருக்கும், சபையில் எழுந்து நின்ற அந்த அம்மாவுக்கும், காரியம் முடியும்வரை கூட இருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கருமாதி முடிந்து வந்தவர்கள் எல்லோரும் புறப்பட்ட பிறகு, கொல்லைப் பாத்தியில் சில இலைகளைக் கிள்ளி வந்தேன். ஒன்றில் மட்டும் அரிசி மாவைத் தூவி, தட்டில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் தடவினேன். திரும்பத் திரும்பத் தடவினேன். எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை.