அழகுமலையின் மூங்கில் கால்கள்

விழாமல் கற்றுக்கொண்ட வித்தை ஒருவனுக்குச் சொந்தமாகுமா? அவனியாபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அழகுமலையிடம் பலபேர் இதை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். சைக்கிள் பழக வருகிறவர்களுக்கு அவன் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் சின்னக் கட்டைச் சக்கரம் மாட்டிக் கொடுப்பான். "முட்டி பேராம சைக்கிள் பழகுனவன் எவன்யா இருக்கான்?" என்று எதிர் டீக்கடையிலிருந்து சத்தம் வரும். அழகுமலை சிரித்துக்கொள்வான். அவன் அப்பா பிறர் வயலில் கூலிக்கு நின்றவர். அந்த வீட்டில் ஒருவர் விழுந்து படுத்தால் மறுநாள் அடுப்பு எரியாது. விழுவதில் பெருமை என்ன இருக்கிறது என்பது அவனுக்கு விளங்காத சங்கதி.

அவனைப் பற்றிப் புகழ்ந்து சொல்ல அதிகம் இல்லை. படிப்பு எட்டாவதோடு நின்றது. பேச்சு குறைவு. ஆனால் சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில் அந்தப் பக்கத்தில் அவனுக்கு ஈடு கிடையாது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடி, ரிம்மின் ஓரத்தில் நகத்தை வைப்பான். எந்தக் கம்பியை எத்தனை திருகு இழுக்க வேண்டும் என்று அந்த நகத்துக்குத் தெரியும். அவன் மனைவி தங்கப்பொண்ணு இதை ஒருநாளும் வாய்விட்டு மெச்சியதில்லை. நேரான சக்கரத்தை மெச்ச என்ன இருக்கிறது, சக்கரம் என்றால் நேராகத்தானே இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

1983 தீபாவளிக்குத் தங்கப்பொண்ணின் தம்பி முத்திருளன் ஊருக்கு வந்தான். கப்பலில் பிட்டர் வேலை அவனுக்கு. சிங்கப்பூரில் பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்று ஒரு நீளப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு ஹெலிகாப்டர். ஒன்றரை முழ இறக்கை இரண்டு, கைப்பிடிக்குள் அடங்கும் என்ஜின், நீள வால். தூரத்தில் நின்று, இரண்டு குச்சி வைத்த ரேடியோ பெட்டியால் ஓட்ட வேண்டும்.

வில்லாபுரத்துக்குப் பின்னால் அறுவடை முடிந்த பொட்டலில் முத்திருளன் அதை ஓட்டினான். அது ஒரு முழம் எழும்பியது, இடப்பக்கம் சாய்ந்தது, இறக்கை தரையில் அடித்து நொறுங்கியது. எல்லாம் மூன்று விநாடி.

"மச்சான், இது மனுசன் ஓட்டுற சாமான் இல்ல. நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவன் கப்பலுக்குப் போய்விட்டான்.

அழகுமலை அதைக் கடை மூலையில் தொங்கவிட்டு, வேலை இல்லாத மதியங்களில் ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் பூட்டினான். முன்விளிம்புக்குத் தேக்குப் பட்டையும் மற்ற இடத்துக்குக் கல்யாண முருங்கையும் ஒட்டிப் புது இறக்கை செதுக்கினான். இரண்டும் ஒரே எடையா என்று கத்தி முனையில் வைத்துப் பார்ப்பான். ஒன்று அரிசி எடை கூடினாலும் தேய்ப்பான். பொழுதுபோக்கு என்று தங்கப்பொண்ணு விட்டுவிட்டாள்.

அவள் விட்டுவிட முடியாதபடி ஆனது அடுத்த வைகாசியில். மேலூருக்கு அப்பால் அவள் பிறந்த ஊர். அங்கே பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. நிஜ ஹெலிகாப்டர் வந்து கோபுரத்தின் மேல் பூத் தூவியது. தங்கப்பொண்ணின் சொந்தக்காரர்கள் தூரத்து வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். காற்றில் தப்பி வந்த நாலு இதழ் அவர்கள் பக்கமும் விழுந்தது. அந்த நாலு இதழைப் பற்றி அன்று முழுக்கப் பேச்சு.

அவர்களுக்கும் ஒரு காளியம்மன் கோயில் உண்டு. கூலி வேலையிலிருந்து மேலே வந்த பிள்ளைகள் சேர்ந்து அதன் கருவறை மேல் சின்னதாக ஒரு விமானம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுவருசம் ஆவணியில் குடமுழுக்கு. கமிட்டித் தலைவர் தங்கப்பொண்ணின் பெரியப்பா மகன் பால்பாண்டி. கரண்டு ஆபீசில் வேலை, வாய் நீளம்.

"நமக்கு ஹெலிகாப்டருக்கு எங்க போறது? மரமேறுற சோணை மகனைப் பனைமரத்துல ஏத்தி எறியச் சொல்லுவோம்" என்றார் பால்பாண்டி. எல்லாரும் சிரித்தார்கள்.

தங்கப்பொண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. "எதுக்கு மரமேறணும்? எங்க வீட்டுக்காரரு ஹெலிகாப்டர் வச்சிருக்காரு. அவரு போடுவாரு பூ" என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் அழகுமலை கையில் அந்த ஹெலிகாப்டர் இன்னும் ஒரு சாண்கூடப் பறக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அழகுமலை கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"யாருகிட்டச் சொன்ன?"

"பொறந்த ஊருல. எல்லாருகிட்டயும்."

"எம்புட்டுப் பேரு இருந்தாக?"

"ஊரே இருந்துச்சு. இனி நான் அங்க தலைகாட்டுறது ஒங்க கையிலதான் இருக்கு."

அவன் அன்று மாலையே ஹெலிகாப்டரைச் செய்த ஜப்பான்காரன் பெட்டியோடு வைத்திருந்த படத்தாளை விரித்தான். எழுத்து புரியவில்லை. ஒரு படம் மட்டும் புரிந்தது. ஹெலிகாப்டரின் வயிற்றுக்கு அடியில் இரண்டு நீளக் கம்புகள் குறுக்கும் நெடுக்குமாக. நாலு நுனியிலும் நாலு பந்து. ஓட்டப் பழகுகிறவன் கட்டிக்கொள்ள வேண்டியது. சாய்ந்தாலும் பந்து தரையைத் தொடும், இறக்கை தொடாது.

"இது நம்ம கட்டைச் சக்கரந்தான்" என்றான்.

மூங்கிலைப் பிளந்து சீவினான். நுனியில் திருவிழாக் கடைப் பிளாஸ்டிக் பந்துகள். முதலில் கட்டுக்கம்பியால் முறுக்கினான், விறைப்பாக இருந்தது. பிறகு பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டினான். அழுத்தினால் கொடுத்து, விட்டால் நிமிர்ந்தது. எதிர் டீக்கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள் தங்கப்பொண்ணு. புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவது போல, பொட்டலில் நாலு பந்துக்கு அடியிலும் நாலு பழம் வைத்தாள். அழகுமலையும் கும்பிட்டுக்கொண்டான். இத்தனை யோசித்துச் செய்கிறவனுக்கும் அது தோன்றவில்லை: சக்கரம் பழத்தை நசுக்கும், பந்தோ பழத்தின் மேல் உருளும்.

இறக்கை வேகம் பிடித்ததும் ஹெலிகாப்டர் நாலு எலுமிச்சையின் மேல் நழுவி ஒரு பக்கமாக ஓடியது. கம்பு மேட்டில் இடித்து மடங்கியது. இறக்கை மண்ணில் அடித்தது. உடைந்த இறக்கையின் ஒரு சிம்பு தங்கப்பொண்ணின் காதோரம் விர்ரென்று போய், பின்னாலிருந்த கருவேல மரத்தில் குத்தி நின்றது.

"ஆத்தி! என் பழம் கெடுத்துருச்சே" என்று தலையில் கை வைத்தாள்.

அழகுமலை ஹெலிகாப்டரிடம் போகவில்லை. மரத்துக்குப் போனான். சிம்பு குத்திய இடத்தில் விரலை வைத்து, அது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தன் கழுத்தோடு அளந்து பார்த்தான். பிறகு அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நீ இனி எனக்குப் பின்னால நில்லு. முப்பதடி தள்ளி" என்றான். அவளைத் திட்டவில்லை.

புது இறக்கை செதுக்க இரண்டு மாதம். அதற்குப் பிறகு வாரத்துக்கு நாலு நாள் விடியலில் அந்தப் பொட்டல்தான். லேப் சாமான் கடையில் வாங்கிய மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து என்ஜினில் ஊற்றுவான். எரிந்த விளக்கெண்ணெய் வாசம் இருவர் துணியிலும் ஏறிவிட்டது. முதல் மாதம் அவன் அதைத் தூக்கவே இல்லை. மூங்கில் கால்களில் நிறுத்தி, தரையோடு தேய்த்து முன்னும் பின்னும் நகர்த்தினான். பிறகு நாலு விரல் உயரம். பிறகு ஒரு சாண்.

தங்கப்பொண்ணு கோலமாவால் தரையில் ஒரு பெரிய வட்டம் போடுவாள். நாலு பந்தும் வட்டத்தைத் தாண்டாமல் நிற்க வேண்டும். வட்டம் வாரத்துக்கு வாரம் சின்னதாகும். முன்பந்து இரண்டுக்கும் சிவப்பு, பின்பந்து இரண்டுக்கும் மஞ்சள் பூசினாள். ஹெலிகாப்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இடது வலது மாறிப்போகும், கை தடுமாறும். அப்போது அவள் பின்னாலிருந்து கத்துவாள்: "மஞ்ச அந்தப் பக்கம்! ஒங்களைப் பாத்து நிக்குது, ஒங்களைப் பாத்து!"

"கேக்குது. ஊரைக் கூட்டாத."

"பக்கத்து ஏர்போர்ட்டுக்காரன் வந்து ரெண்டு பேரையும் பிடிச்சுட்டுப் போகட்டும். அங்கயாச்சும் ஒழுங்கா ஓட்டக் கத்துத் தருவான்."

தைப் பொங்கல் கழிந்து பால்பாண்டி பார்க்க வந்தார். ஹெலிகாப்டர் ஆள் உயரத்தில் அசையாமல் நின்றது. அவர் பார்த்தது மூங்கிலைத்தான்.

"என்ன மாப்ள, பிள்ளைக்கு நடைவண்டி கட்டிருக்க?"

"பழகுறதுக்கு மச்சான்."

"பழகு, வேணாங்கல. ஆனா சாமிக்கு மேல நடைவண்டியோட வந்தா, பெரிய கோயில் தெருக்காரன் நம்மளப் பாத்துச் சிரிப்பான். போன வருசம் நாம அண்ணாந்து பாத்தோம். இந்த வருசம் அவன் பாக்கணும். காக்கிலோ பூவாச்சும் கொட்டணும். நோட்டீசுல போடப்போறேன், வானூர்தியில் மலர் தூவப்படும்னு. சிரிக்க வச்சுராத."

நோட்டீசில் அப்படியே போட்டும்விட்டார். தங்கப்பொண்ணு சொன்னது இப்போது வாய்ச்சொல் இல்லை, அச்சில் ஏறிவிட்டது.

மூங்கில் கால்களும் பந்தும் சேர்ந்து கால் கிலோ இருந்தன. அவை இருக்கும்வரை ஒரு கைப்பிடிப் பூவுக்கு மேல் என்ஜின் தூக்காது; வெயில் ஏறினால் அதுவும் சிரமம். அழகுமலை கணக்காக ஒரு காரியம் செய்தான். மாசியிலிருந்து ஒவ்வொரு வாரமும் நாலு கம்பிலும் இரண்டு விரற்கடை அறுத்தான். பந்துகள் உள்ளே உள்ளே வந்தன. கை அந்த நெருக்கத்துக்குப் பழகியதும் அடுத்த இரண்டு விரற்கடை. வைகாசியில் ஒரு விடியலில் அறுக்க ஒன்றும் மிச்சமில்லை. டியூப் நாடாவை அவிழ்த்துக் கீழே போட்டான்.

ஹெலிகாப்டர் வெறும் காலோடு எழுந்தது. தங்கப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். பனை உயரம் போய், வட்டமடித்து, முகத்தைத் திருப்பி, மறுபடி திருப்பி, அவள் போட்ட தாம்பாள அளவு வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரு கோடு கலையவில்லை. அன்று அவள் சொன்னாள், "நல்லாருந்துச்சுங்க." பதினாறு வருசத் தாம்பத்தியத்தில் அவள் தந்த முதல் பாராட்டு அது. அழகுமலை காது சிவக்க என்ஜினைத் துடைத்தான்.

அடுத்த இரண்டரை மாதம் பூப்பையோடு பழக்கம். வயிற்றில் ஒரு துணிப்பை. ரேடியோ பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பையின் வாய் அவிழும். கால் கிலோ ரோசா இதழ், பனை உயரம், ஒரு கூடை இலக்கு. முப்பது தடவை போட்டான், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தங்கப்பொண்ணு பிறந்த ஊருக்குப் போய் இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள்.

குடமுழுக்கன்று காலை கோயிலைச் சுற்றி அடி வைக்க இடமில்லை. பெரிய கோயில் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் ஏற்றி, கலசத்தின் புனித நீர் மேலே படவேண்டும் என்று விமானத்தை ஒட்டி நெருக்கியடித்து நின்றார்கள். கோயிலுக்குப் பின்னால் களத்தில் அழகுமலை. தங்கப்பொண்ணு பூத்தட்டோடு அங்கே போனாள்.

அவன் குந்தி உட்கார்ந்து மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தான். புது மூங்கில். முழு நீளம். எப்போது பிளந்தான், எப்போது சீவினான் என்று அவளுக்குத் தெரியாது. நாலு பந்திலும் வண்ணம் பூசியிருந்தது, சிவப்பும் மஞ்சளும்.

"எதுக்குங்க இது? இது இல்லாமலே ஓட்டுறீங்களே!"

அவன் விமானத்தை ஒட்டித் தோள்களில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, டியூப் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டான். தட்டிலிருந்து ஒரு கைப்பிடிப் பூவை அள்ளிப் பைக்குள் வைத்தான். மிச்சத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"அண்ணன் என்ன சொல்லும்? நோட்டீசுல போட்டிருக்கு..."

"பின்னால நில்லு" என்றான்.

ஐயர் கலசத்தில் நீரை ஊற்றிய நேரம் என்ஜின் சத்தம் எழுந்தது. ஆயிரம் தலை திரும்பியது. மூங்கில் கால் நாலும் விரிந்து, நுனியில் பந்துகள் வெயிலில் மின்ன, ஹெலிகாப்டர் கோயில் மேல் ஏறியது. எங்கோ ஒருவர் சிரித்தது தங்கப்பொண்ணு காதில் விழுந்தது. அவள் பல்லைக் கடித்தாள். அது கலசத்துக்கு நேர் மேலே வந்தது. நின்றது. ஆவணிக் காற்று ஒரு பக்கம் தள்ளியும் ஆணி அடித்தது போல நின்றது. நாலு பந்துக்கு நடுவில் கலசம், அவள் போட்ட வட்டத்துக்கு நடுவில் புள்ளி போல. சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார். பை திறந்தது.

ஒரு கைப்பிடிப் பூதான். அதில் பாதி கலசத்தில் விழுந்தது. மீதி உயர்ந்திருந்த கைகளில் இறங்கியது. எங்கிருந்தோ குலவைச் சத்தம் கிளம்பியது. முதலில் குலவை போட்டது தானேதான் என்பது தங்கப்பொண்ணுக்கு மூச்சு முட்டியபோது தெரிந்தது.

பால்பாண்டி களத்துக்கு ஓடி வந்தார். வேர்த்து ஒழுகியது. மூங்கிலைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார். வெளியே வேறு வந்தது.

"அம்புட்டுப் பேரும் வாயப் பொளந்து நிக்கிறான் மாப்ள. பெரிய கோயில் தர்மகர்த்தாவே ஒன்னைய யாருன்னு கேக்குறாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் குச்சியைக் கழட்டிட்டு இன்னொரு தடவை போடுறியா? மிச்சப் பூ கெடக்குல்ல?" என்றார்.

"போதும் மச்சான்" என்றான் அழகுமலை.

கோயிலில் அவன் தலைக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கூலிக்கு நின்றவர் மகன் தலையில் அந்தப் பட்டுத்துணி கொஞ்சம் சாய்ந்து இருந்தது. தங்கப்பொண்ணு எட்டி அதை நேராக்கினாள்.

மேலூர் பஸ்ஸில் திரும்பும்போது ஹெலிகாப்டர் அவள் மடியில் இருந்தது. நுனிப் பந்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழற்றித் தொலைக்கக் கூடாதா என்று கண்டக்டர் சத்தம் போட்டார். அழகுமலை கழற்றவில்லை. ஏன் கட்டினீர்கள் என்று அவள் அப்போது ஒருமுறை கேட்டாள். அந்த வருசக் கார்த்திகையில் ஒருமுறை, அதற்குப் பிறகு பல வருசம் கழித்து ஒருமுறை. பஸ்ஸில் கேட்டபோது அவன், "மேலூர்ல எறங்கி டீ குடிச்சுட்டுப் போவோமா?" என்றான். மற்ற இரண்டு தடவையும் கையிலிருந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடி, ரிம்மில் நகத்தை வைத்தான்.