தானாக ஆடிய கண்கள்

பழவேற்காடு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் கருவிழிகள் ஓயாமல் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. முன்சீட்டுக் கம்பியை அவர் விடவே இல்லை. ஏரியில் தவழ்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்வியே உதட்டோரம் காய்த்திருந்தது.

"கண்ணு இன்னாம்மா இப்படி ஆடுது?"

"தெரியல தம்பி. தலயும் சுத்துது. டாக்டராண்ட காட்டிட்டுதான் வரேன்."

"தலைய ஸ்கேன் எடுக்கச் சொன்னாரா?"

"இல்ல, மாத்திர குடுத்தாரு. கையாலதானே எறா புடிக்கிற, கண்ணு ஆடினா இன்னான்னு கேட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூளையில் ஏதாவது இருந்தால்? எதிரில் ஆடுகிற கண்ணைப் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் கேட்கிற கேள்வியா இது? இறங்கித் திரும்பிப் போய்க் கேட்போம் என்று எழுந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"உடு தம்பி. அவரு சொல்றதும் சரிதானே, எறா கைலதான் மாட்டுது. நேத்து ஒரு நாளுதான் ஏரியில எல்லாம் சுத்திச்சு, கரைன்னு நெனச்சு ஆழத்துக்குப் போய்ட்டேன். கூட இருந்தவங்க இழுத்துப் போட்டாங்க."

"அத டாக்டராண்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கலியே."

அதையும் அவர் டாக்டருக்குப் பரிந்துதான் சொன்னார். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.