கப்பலில் வந்த தடித்த வர்ணங்கள்

படம் கீறுகிற தொழிலுக்கு முதலில் வேண்டியது பொறுமை என்று சொல்லுகிறவர்கள் எல்லாரும் எண்ணெய் வர்ணத்தில் கீறுகிறவர்கள். என்னைப் போல அக்கிரிலிக்கோடு மாரடித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் சொல்லப் போவது உங்களுக்குப் புதிதாக இராது. பிரஷை வைத்துவிட்டு யாரோ கூப்பிட்டதற்கு எழும்பிப் போய் வந்தால், தட்டில் இருந்த வர்ணம் றப்பராகிவிடும். பிரஷ் ஈர்க்குக் கட்டாகிவிடும்.

எனக்கு அது பொருந்தித்தான் போனது. இருந்த இடத்தில் இருக்க ஏலாத பெண் நான். எழுபதுகளில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற தெருவில், செல்வராசா அண்ணை படங்களுக்குச் சட்டம் அடிக்கிற கடையின் முன்பாதியில் என் மேசை இருந்தது. கப்பல்காரருக்குக் கப்பலின் படம், தேவாலயத்துக்குச் சுரூபம் திருத்துவது, வள்ளத்துக்குப் பேர் எழுதுவது என்று வந்ததெல்லாம் செய்தேன். வந்தவர்கள் ஒருத்தரும் அவசரமில்லாமல் ஆறுதலாக வரவில்லை.

நீலம் நீலமாக

இறக்குமதி இறுகிக் கிடந்த காலம். கொழும்பிலேயே நல்ல வர்ணம் தேடிப் பிடிக்கவேண்டும். ஒரு கிரேக்கக் கப்பலின் இஞ்சினியர் தன் கப்பலைக் கீறச் சொல்லியிருந்தார். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மனிதருக்குப் பிடித்துப் போய்விட்டது. அவரும் பொழுதுபோக்குக்குக் கீறுகிறவர். தன் வர்ணப் பெட்டியைத் திறந்து, விரும்பியதை எடு என்றார். எல்லாம் டியூபில் அடைத்த அக்கிரிலிக், தடித்த ரகம். பிதுக்கினால் வெண்ணெய்க் கட்டி போல நிற்கும். பிரஷ் போன தடம் அப்படியே காயும். அதுவரை போத்தலில் வருகிற, ஓடுகிற ரகத்தைத்தான் கண்டிருந்தேன். கப்பல் வெளிக்கிடப் போகிறது, கீழே படகுக்காரன் கூப்பிடுகிறான். கண்ணைப் பறித்ததை எல்லாம் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு இறங்கினேன்.

கடையில் வந்து பரப்பினால் முழுக்க நீலம், ஒரு பச்சை, கொஞ்சம் சிவப்பு. வெள்ளை ஒன்றுகூட இல்லை. வெள்ளை சேராமல் அந்த நீலங்கள் தட்டில் கறுப்பாகக் கிடந்தன. திரும்ப ஜெட்டிக்கு ஓடினேன். கப்பல் முனையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. வேர்த்து விறுவிறுத்து வந்து நின்ற என்னைச் செல்வராசா அண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாசல்ல முழுக்கக் கடல் கிடக்கு. நீர் நீலம் எடுக்கக் கப்பலுக்கோ போனனீர்?"

அந்தோனியாரின் கன்னம்

எங்கள் பங்குத் தேவாலயத்தில் அந்தோனியார் சுரூபத்தின் இடது கன்னம் உரிந்துபோயிருந்தது. அன்று பின்னேரம் சுரூபத்தைத் தெருவால் தூக்கிக்கொண்டு போகிற சுற்றுப்பிரகாரம். சங்கிலித்தாம், அதாவது தேவாலயத்தைப் பராமரிக்கிறவர், என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். பழைய நிறத்தோடு ஒத்துப்போகும்வரை கலந்து கலந்து பார்த்துப் பூசினேன். ஈரமாக இருக்கும்போது எது பழையது, எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. இந்த வர்ணம் காய்ந்தால் ஒரு படி கறுக்கும் என்பதை அந்த அவசரத்தில் நான் கணக்கில் எடுக்கவில்லை. மேளம் தொடங்கிவிட்டது, சுரூபத்தைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். சங்கிலித்தாம் கிட்ட வந்து தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்லை பிள்ளை. ஒரு பக்கம் மட்டும் வெயில்ல நிண்டவர் போல கிடக்கிறார்."

பரக்கத்

கிண்ணியா ஹாஜியார் ஒருவர் தன் வள்ளத்துக்குப் பேர் எழுதக் கூப்பிட்டார். பேர் 'பரக்கத்', இறை அருள் என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் பலகை முழுக்கப் பழைய எனாமல், முகம் பார்க்கலாம் போல மினுங்குகிறது. அதை நன்றாக உரஞ்சி மினுக்கத்தை எடுத்தால்தான் அக்கிரிலிக் பிடிக்கும், ஒரு நாள் பொறுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வள்ளம் இறங்கவேண்டும், மூதூரிலிருந்து சம்பந்திமார் வந்து நிற்கிறார்கள், பொறுக்க ஏலாது என்றார். தடித்த சிவப்பில், தடவினால் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி எழுதிக் கொடுத்தேன். எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த கிழமை முழுக்கக் கடைவாசலில் ஆள் நிழல் விழுந்தாலே திடுக்கிட்டேன்.

கடைசியில் அவரே வந்தார். கையில் ஒரு பீங்கான் தட்டு, மேலே பத்திரிகைத் தாள் மூடியிருந்தது. திறந்தால் உள்ளே என் எழுத்துகள். அலை அடித்து, ஒவ்வொன்றும் கிழியாமல், முழுசாக உரிந்து வந்திருந்தது. ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். மனிதர் பீங்கானை மேசையில் பக்குவமாக வைத்தார்.

"புள்ள, ஒரு எழுத்தும் தொலையல்ல. இந்த முறை நீங்க சொன்ன மாதிரியே உரஞ்சிப் போட்டு ஒட்டித் தாங்க."

இன்னொரு மரம்

மாற்றலாகிப் போகிற டொக்டர் அம்மா ஒருவர், சீனன்குடாப் பக்கம் தெரிகிற மாதிரி குடாவைக் கீறித் தரச் சொன்னார். மேட்டு வளைவில் நின்று கீறினேன். வெயிலுக்கு வர்ணம் தட்டிலேயே காய்ந்தது. ஈரத்துணியை விரித்து அதன்மேல் பிதுக்கி வைத்து, ஓட்டமும் நடையுமாகத் தண்ணீர், மலை, மரங்களுக்கு மேலால் தெரிகிற பெரிய இரும்பு எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் முடித்தேன். அப்போதுதான் பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. காவலுக்கு நின்ற சிங்களச் சிப்பாய். தாங்கியைக் கீறக் கூடாது, அழி என்றான். காய்ந்துவிட்டது, அழிக்க ஏலாது என்றேன். நம்பாமல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அசையவில்லை. அப்படியென்றால் படத்தோடு முகாமுக்கு வா என்றான்.

நான் தனிய நின்றேன். மரத்தைக் கீறி மறைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். என்னிடம் இருந்த பச்சை கண்ணாடி போன்றது. பூசப் பூசத் தாங்கி உள்ளே இருந்து தெரிந்தது. அதற்குள் காவியைக் கலந்து கத்தியால் தடிப்பாக அப்பினேன். அவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். ஒவ்வொரு தாங்கியாக மறைய மறைய அவன் முகம் இளகியது. கடைசியில் விரலை நீட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "அங்க இன்னொரு மரம் போடுங்க அக்கா. எங்கட பெரிய ஐயாவுக்குக் கண் நல்லாத் தெரியும்."

மூக்கு

ஈச்சிலம்பற்றிலிருந்து மகேஸ்வரி என்ற பெண் தன் தமையனோடு வந்தாள். அவளுடைய புருஷன் தோணியில் போய்த் திரும்பவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு ஒரு படம் வேண்டும். பார்த்துக் கீறப் படம் ஒன்றும் இல்லை. இருந்த ஒன்று அடையாள அட்டையில். அது அவரோடு சட்டைப் பைக்குள் போய்விட்டது. வாயால் சொல்லுகிறேன், கீறுங்கள் என்றாள். பின்னேர லோஞ்சுப் படகில் மூதூருக்குத் திரும்பவேண்டும்.

எண்ணெய் வர்ணம் என்றால் நான் சம்மதித்திருக்க மாட்டேன். தடித்த அக்கிரிலிக் உடனே காய்ந்து, பிழைக்குமேல் பூசி மறைக்க விடும். நெற்றி அகலம் என்றாள், கண் சின்னன் என்றாள். கீறிக் காட்டினேன். இது அவர் இல்லை என்றாள். மறைத்துக் கீறினேன். இதுவும் இல்லை. மூக்கில்தான் திரும்பத் திரும்ப மாட்டுப்பட்டோம். சாப்பாட்டு நேரம் போனது. எழும்பி வெளியே நடக்கவேண்டும் போல எனக்குக் கால் துடித்தது. அவள் கதிரையில் அசையாமல் இருந்தாள். லோஞ்சுக்கு நேரமாகிறது என்று தமையன் இரண்டு தரம் எட்டிப் பார்த்தான்.

ஒரு கட்டத்தில் அவள் இல்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். எழும்பி வந்து, தொடலாமோ என்று கேட்டாள். காய்ந்துவிட்டது, தொடுங்கள் என்றேன். புருவத்திலிருந்து விரலை மெல்ல இறக்கினாள். பிழைக்குமேல் பிழையாகப் பூசியதில் மூக்கின் நடுவில் வர்ணம் திரண்டு நின்றது. அதை வழித்துச் சமப்படுத்தலாம் என்று நான் கத்தியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த முடிச்சு அவருக்குத் துடுப்பு மூக்கில அடிச்சு வந்தது. இதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லையே, அக்கா."

மொத்தத்தில், நான் திட்டம் போட்டுக் கீறின படங்களை ஆட்கள் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார்கள். பிழை திருத்தப் போய்த் தடித்துப் போனவற்றைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.