மிவாவின் அம்மா குணமாகக் கூடாது

டிவியில் ஓடும் பொம்மைப் படங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனைக்குட்டம் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வெடி விபத்து என்று தூக்கி வரப்படுகிறவர்கள் மேல் முதல் தண்ணீரை ஊற்றுவது பெரும்பாலும் என் கைதான். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், டிவியில் ஒரு பூனையின் மூஞ்சியில் அணுகுண்டு வெடிக்கும். மூஞ்சி கரிக்கட்டை ஆகும். பூனை தலையை ஒரு உதறு உதறும், பழையபடி வெள்ளை வெளேர் என்று வந்துவிடும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போகட்டும். பட்டாசுக் கம்பெனி வேன் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற ஊரில் இதைக் காட்டுகிறவனை நாலு சாத்து சாத்தினால் என்ன என்று தோன்றும்.

ஆனால் ஒரே ஒரு ஜப்பான்காரப் படத்துக்கு மட்டும் எங்கே பார்த்தாலும் கும்பிடு போடுவேன். மாரிசெல்வி கதையைச் சொன்னால்தான் ஏன் என்று விளங்கும்.

மாரிசெல்வி என் தெருவுக்காரி. முப்பது வயதுகூட ஆகவில்லை. பத்தாவது முடித்த கையோடு கம்பெனி வேனில் ஏறியவள், கல்யாணத்துக்குப் பிறகும் இறங்கவில்லை. பேன்சி வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை. வாய் ஜாஸ்தி. போர்மேன் நடக்கிற நடையை நடந்து காட்டி வேனையே சிரிக்க வைப்பாள். தெருவிலேயே லட்சணமானவள் தான்தான் என்று அவளுக்கே ஒரு நினைப்பு உண்டு. அதில் பொய்யும் இல்லை. புருஷன் ஜெயபாண்டி லாரிக்கு லோடு ஏற்றுகிறவன், பேச்சுக் குறைவு. ஒரே மகள் சினேகா, ஒண்ணாம் வகுப்பு.

சாயங்காலம் வேன் வந்து நின்றால் இறங்குகிற பெண்கள் எல்லோரும் வெள்ளியில் வார்த்த மாதிரி இருப்பார்கள். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் அலுமினியத் தூள். சினேகா ஓடி வருவாள். மாரிசெல்வி தூரத்திலேயே கையை நீட்டித் தடுத்துவிடுவாள். "தொடாத. குளிச்சிட்டு வாரேன்." ஒரு தடவை பிள்ளை கேட்காமல் காலைக் கட்டிக்கொண்டு, அதே விரலை வாயிலும் வைத்துவிட்டது. அன்றைக்கெல்லாம் வாந்தி. நான்தான் ஓடிப்போய் உப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். தெளிந்ததும் மாரிசெல்வி அதை முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு அவளே அழுதாள். அதிலிருந்து அது அந்த வீட்டுச் சட்டம் ஆகிவிட்டது. கொல்லைப்புறத் தட்டிக்கு வெளியே சினேகா குத்த வைத்து உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் சத்தம் கேட்கும், வாய்க்காலில் வெள்ளியாக ஓடும். அது தெளிந்து, அம்மா தன் சொந்த மூஞ்சியோடு வெளியே வந்ததும் ஒரே தாவில் இடுப்பில் ஏறிக்கொள்வாள்.

சித்திரை வெயிலில் அவள் மருந்து அடைக்கிற அறை வெடித்தது. உடன் வேலை பார்த்த இரண்டு பெண்கள் அங்கேயே போய்விட்டார்கள். வாசல் பக்கம் இருந்ததால் மாரிசெல்வி பிழைத்தாள். முகம், கழுத்து, இரண்டு கை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கே அது யார் என்று தெரியவில்லை. "சிஸ்டர், பாப்பாவப் பாக்க விட்டுராதீக" என்று குரல் வந்த பிறகுதான் தெரிந்தது.

மதுரையில் மாசக்கணக்காகக் கிடந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அம்மா எங்கே என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்க, ஜெயபாண்டிக்கு வாயில் வந்தது ஒன்றுதான். அம்மா மேல தூள் நெறையப் பட்டுருச்சு, ஆஸ்பத்திரில நல்லாக் கழுவிட்டுத்தான் விடுவாக என்று சொல்லிவிட்டான். பிள்ளையும் சரி என்றுவிட்டது. அது பார்த்த உலகத்தில் அப்படித்தானே நடக்கும்?

மாரிசெல்வி வந்து இறங்கிய அன்றைக்குத் தெருவே நின்றது. எதிர்வீடு ஜெயபாண்டியின் அக்கா இசக்கியின் வீடு. இத்தனை நாளும் சினேகா அங்கேதான் வளர்ந்தாள். அத்தை இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடி வந்தவள் பாதித் தெருவில் நின்றாள். அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னும் குளிக்கலையா? குளிச்சிட்டு வா."

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவிட்டாள். தெரு வாயைப் பொத்திக்கொண்டது. பிள்ளை பயந்துருச்சு, கொஞ்ச நாள் எங்கிட்டயே இருக்கட்டும் என்று இசக்கி சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் பயம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கட்டு மாற்றப் போனால், ஒட்டுத் தோலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூட்டை எடுத்துத் தேய்த்திருக்கிறாள், பாவி. எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன பேசினேன் என்றே தெரியாது. எத்தனை டாக்டர்கள் பாடுபட்டு ஒட்டியது, உனக்கு மூளை இருக்கிறதா என்று கத்தினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவ குளிச்சிட்டு வரச் சொன்னாளே சிஸ்டர் என்றாள். அதற்கு மேல் என்ன திட்டுவது?

அப்புறமும் குளித்தாள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வாசலில் போய் நிற்பாள். எதிர்வீட்டு ஜன்னலில் சினேகாவின் தலை தெரியும். உற்றுப் பார்க்கும், உள்ளே போய்விடும். இவள் திரும்பி வந்து பாயில் விழுவாள். சோறு இறங்கவில்லை. ஒருநாள், "செத்திருந்தா போட்டோவுல நல்ல மூஞ்சியோட இருந்திருப்பேன். மக தெனமும் வந்து பூ வச்சிருப்பா" என்றாள். அழாமல் சொன்னாள். அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. ஜெயபாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு, லோடு கிடக்கட்டும், கொஞ்ச நாளைக்கு இவளை விட்டு நகராதே என்று சொல்லி வைத்தேன்.

அவளை எழுப்பி உட்கார வைத்தது அந்தப் படம்தான். சாயங்காலமானால் எதிர்வீட்டில் சினேகா, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடுகிற ஒரு பொம்மைப் படம் பார்ப்பாள். சத்தம் இங்கே வரை கேட்கும். மகள் என்னத்தைப் பார்க்கிறாள் என்று இவளும் தன் வீட்டில் அதே சேனலைப் போட்டாள். தெருவின் இரண்டு பக்கமும் ஒரே குரல், ஒரே பாட்டு. நடுவில் போகிற சைக்கிள்காரனுக்கு ஒன்றும் தெரியாது.

நானும் கட்டு மாற்ற வந்த சாக்கில் மூக்கைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழில் பேசின ஜப்பான் படம். மலை மேல் ஓர் ஊர், எப்போதும் பனி. மிவா என்று ஒரு சின்னப் பெண். காடு தீப்பிடித்தபோது அவள் அம்மா உள்ளே சிக்கியவர்களை இழுத்து வரப் போய், உடம்பெல்லாம் மரப்பட்டையாகத் திரும்பி வருகிறாள். ஊர்க்காரர்கள் கிட்டே வருவதில்லை. மிவா மட்டும் தினம் ஒரு வைத்தியம் தேடிப் போகிறாள். பூனை உதறுகிற வேலையெல்லாம் அதில் இல்லை. உடைந்தது உடைந்தபடியே கிடக்கிறது. ஒரு தாத்தா செத்துப்போகிறார். அடுத்தடுத்த நாட்களிலும் அவர் வரவே இல்லை, அவர் சோற்றுக் கிண்ணம் மட்டும் அலமாரியில் சும்மா இருக்கிறது. இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டுவார்களா என்று எனக்கு ஆச்சரியம். பிள்ளைகளிடம் உண்மை பேசுகிற ஓர் ஆள் எங்கேயோ உட்கார்ந்து இதை வரைந்திருக்கிறான் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் அந்த அளவுக்குக்கூட யாரும் இல்லை.

பிறகுதான் இசக்கி வந்து அந்தக் குண்டைப் போட்டாள். மிவா அம்மாவுக்குச் சரியாகிவிட்டால் எங்கம்மாவுக்கும் சரியாகிவிடும் என்று சினேகா சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அதற்குள் டிவியில் கடைசி நாளுக்கு விளம்பரம் வர ஆரம்பித்துவிட்டது. எந்தக் கதையில்தான் அம்மா குணமாகாமல் முடித்திருக்கிறார்கள்? முடிக்கிறவனுக்கு ஒரு கோடு அழித்து ஒரு கோடு போடுகிற வேலை. இங்கே என்ன செய்வது?

"அந்தம்மா கொணமாகக் கூடாது சிஸ்டர்" என்றாள் மாரிசெல்வி. "கொணமாயிருச்சுன்னா நான் எங்க போவேன்?"

காலண்டர் மாரியம்மனுக்கு முன்னால் கட்டுப் போட்ட கையைச் சேர்த்துக் கும்பிட்டாள். நான் ஜெபம் செய்கிறவள். மனசுக்குள் நானும் செய்தேன். ஒரு பொம்மைப் பொம்பளைக்கு உடம்பு தேறக் கூடாது என்று இரண்டு வளர்ந்த பெண்கள் வேண்டிக்கொண்டது பரலோகத்தில் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். அக்கா வீட்டுக் கேபிள் ஒயரை அறுத்துவிடட்டுமா என்று ஜெயபாண்டி கேட்டான். வேண்டாம், என்னைக்கிருந்தாலும் தெரியத்தானே வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

கடைசி நாளில் மிவா மலை உச்சியில் ஒரு சுனையைக் கண்டுபிடித்துவிட்டாள். அதில் குளித்தால் எதுவானாலும் போய்விடுமாம். கேட்டதுமே மாரிசெல்வி டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். மிவா அம்மாவைச் சுனையில் உட்கார வைத்து, சின்னச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றுகிறாள். தண்ணீர் வழிந்தது. பட்டை அப்படியே இருந்தது. மிவா இன்னும் ஊற்றினாள். பிறகு சொம்பைக் கீழே வைத்தாள். மடியிலிருந்து சோற்று உருண்டையை எடுத்துப் பிய்த்து அம்மாவுக்குப் பாதி கொடுத்து, அந்தப் பட்டையிலேயே சாய்ந்துகொண்டு தன் பாதியைத் தின்றாள். பனி கொட்டியது. படம் முடிந்துவிட்டது.

வேண்டியது கிடைத்தவள் சந்தோஷப்பட வேண்டுமே? மாரிசெல்வி வாய்விட்டு அழுதாள். "பாவி, கொணமாக்கிருக்கலாம்ல" என்றாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

எதிர்வீட்டில் ஏதோ விழுந்து உடைந்தது. சினேகாவின் அழுகை, இசக்கியின் அதட்டல், அப்புறம் டிவி அணைந்த அமைதி. கொஞ்ச நேரத்தில் பிள்ளை தெருவைத் தாண்டி வந்து இந்த வீட்டு வாசற்படியில் நின்றாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே வரவில்லை.

"குளிச்சாலும் போகாதா?"

மாரிசெல்வி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று நான் தலையை அசைத்தேன்.

"போகாது பாப்பா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

சினேகா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். ஏதோ கணக்குப் போடுகிறவள் போல நின்றாள்.

"அப்ப இப்படியே தொடலாமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் பிள்ளை பயந்து ஓடவில்லை. குளிச்சிட்டு வரும் வரை தொடாதே என்று அம்மா போட்ட சட்டத்தை அந்த ஜன்னலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாரிசெல்வி எழுந்து, இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். சினேகா வந்து ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சொரசொரன்னு இருக்கு என்றாள். பிறகு பழைய பழக்கத்தில் ஒரே தாவாக இடுப்பில் ஏறிவிட்டாள். ஒட்டுத் தோல் மேல் பாரம் படக்கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான். பிள்ளை கீழே நழுவிவிடாமல் என் கையையும் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றேன்.